பூத்துக் குலுங்கிய பக்வீட் ஏன் காய்க்கவில்லை?

வாசகர் கேள்வி: மாவாக அரைத்துச் சாப்பிடும் மணிப் பயிரான பக்வீட்டை முதல் முறையாக ஒரு ஏக்கரில் போட்டேன். நல்ல கொழுத்த மண். தொழு உரம் நிறையக் கொட்டி உழுதேன், மூன்றாவது வாரம் யூரியாவும் மேலுரமாக இட்டேன். வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் விதைப்பு. செடி மார்பளவு வளர்ந்து வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. நடுவில் காற்றோடு பெய்த மழையில் பாதி வயல் சாய்ந்துவிட்டது. எல்லா மணியும் கறுக்கட்டும் என்று காத்திருந்து அறுத்தேன். தூற்றிப் பார்த்தால் 130 கிலோதான், அதிலும் பதர் கணிசம். விதை சரியில்லையா? அடுத்த முறை வளர்ச்சி ஊக்கி தெளிக்கலாமா? சாய்ந்த பயிரை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: வணக்கம். நடந்ததை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. விதை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மோசமான விதை மார்பளவு செடியையும் வயல் நிறையப் பூவையும் தந்திருக்காது. உங்கள் மகசூலை முதலில் தின்றது பூக்கும் நேரத்து வெயில். அடுத்தது தேவைக்கு மேல் போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்). மிஞ்சியதில் ஒரு பங்கு அறுவடைக்குக் காத்திருந்த நாட்களில் தரையில் உதிர்ந்துவிட்டது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு 400 கிலோ என்பது உலகச் சராசரியை ஒட்டிய மகசூல். பருவமும் கவனிப்பும் சரியாக அமைந்தால் 600 கிலோ வரை எடுக்கலாம், அதற்கு மேல் எடுப்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் 130 கிலோ குறைவுதான், ஆனால் மீட்க முடியாத குறைவு இல்லை.

பக்வீட்டை மாவாக அரைத்துச் சாப்பிடுவதால் அதை நெல், கோதுமை வகையறாவோடு சேர்த்துப் பார்க்கிறோம். உண்மையில் அது புல் இனமே கிடையாது, சுக்கான்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் பிறந்த பயிர், அந்த மலைக் குளிர்ச்சி இன்னும் அதன் உடம்பில் இருக்கிறது. நெல் ஒரு கட்டத்தோடு தூர் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கதிர் தள்ளும். பக்வீட்டுக்கு அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. விதைத்த நான்கு ஐந்து வாரத்தில் பூக்க ஆரம்பிக்கும். அதன் பிறகும் புது இலை, புதுக் கிளை, புதுப் பூ என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே செடியில் மொட்டும் பூவும் பச்சைக் காயும் கறுத்த மணியும் சேர்ந்தே நிற்கும். உள்ள சத்தை இலைக்குக் கொடுப்பதா, காய்க்குக் கொடுப்பதா என்ற இழுபறி கடைசி வரை ஓயாது. விதைப்புத் தேதி, உரம், தண்ணீர் என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், முதல் பூவுக்குப் பிறகு வரும் மூன்று நான்கு வாரத்தில் அந்த இழுபறி காய்ப் பக்கம் சாய்வதற்காக எடுப்பதாக இருக்க வேண்டும்.

இனி பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அடுத்த பயிர் பூக்கும்போது காலையில் பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து செடிக்கொரு பூ பறித்து, வெள்ளைத் தாளில் வைத்து, கைலென்ஸ் வழியே பாருங்கள். எல்லாப் பூவும் ஒன்றுபோல் இருக்காது. சிலவற்றில் நடுவில் உள்ள மூன்று சூல்தண்டுகள் நீண்டு வெளியே நிற்கும், மகரந்தத் தாள்கள் குட்டையாகக் கீழே இருக்கும். மற்றவற்றில் இது தலைகீழ்: மகரந்தத் தாள்கள் உயரம், சூல்தண்டுகள் குட்டை. ஒரு செடியில் உள்ள பூ அத்தனையும் ஒரே வகையாகத்தான் இருக்கும். வயலில் ஏறக்குறைய பாதிச் செடி ஒரு வகை, மீதி இன்னொரு வகை. நீண்ட சூல்தண்டுப் பூ காய்க்க வேண்டுமானால் குட்டைச் சூல்தண்டுப் பூவின் மகரந்தம் வர வேண்டும், அதேபோல் மறுபக்கமும். தன் மகரந்தமோ, தன் வகையைச் சேர்ந்த பக்கத்துச் செடியின் மகரந்தமோ விழுந்தால் காய் பிடிக்காது. இந்த மாற்று வேலையைச் செய்வது பெரும்பாலும் தேனீக்கள். தாள்களின் அடியில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டியாகத் தெரிகிறதே, அவைதான் தேன்சுரப்பிகள். காலையில் அவற்றில் தேன் மின்னும். மதியத்துக்கு மேல் வற்றிவிடும், தேனீயும் வயலை விட்டுப் போய்விடும். பூவும் பெரும்பாலும் ஒரு நாள்தான் திறந்திருக்கும். அந்த ஒரு காலையில் சரியான மகரந்தம் வராவிட்டால் அந்தப் பூவின் கதை முடிந்தது.

எல்லாம் கூடி வந்தாலும் பத்துப் பூவில் ஒன்றோ இரண்டோதான் மணியாகும். இது இந்தப் பயிரின் இயல்பு, நோய் இல்லை. எனவே வயல் வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்து மகசூலைக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து வெயில். பூக்கும் சமயத்தில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போய், கூடவே வறண்ட காற்றும் வீசினால் பூக்கள் கருகி உதிரும். சூலகம் சரியாக வளராது, வளர்ந்து கருவானாலும் பாதியில் நின்றுவிடும். உங்கள் பதருக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. பக்வீட் மணியில் முக்கோண உறை முதலில் பெரிதாகும், உள்ளே பருப்பு பிறகுதான் நிரம்பும். கரு இடையில் செத்தாலும் செடிக்குச் சத்துப் பற்றாக்குறை வந்தாலும் உறை மட்டும் மிஞ்சும். பார்க்க மணிபோல இருக்கும், விரலால் நசுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. உங்கள் வயலில் பதர் கணிசமாக இருந்தது என்றால், தேனீ அறவே வரவில்லை என்று சொல்ல முடியாது. நிறையப் பூவில் காய் பிடித்திருக்கிறது, பிடித்ததைத்தான் செடியால் நிரப்ப முடியவில்லை. வெயில் ஏறும்போது விதைத்து, இன்னும் ஏறியபோது பூக்க விட்டீர்கள். சாதாரணச் செடியே தடுமாறும் சூடு அது. இலையும் தண்டுமாகப் பெருத்து நின்ற உங்கள் செடி எப்படித் தாங்கும்?

அதனால் அடுத்த முறை விதைக்கும் தேதியைப் பின்னாலிருந்து எண்ணி முடிவு செய்யுங்கள். உங்கள் பகுதியில் பகல் வெப்பம் 18 முதல் 25 டிகிரி வரை நிற்கும் நான்கு வாரத்தை நாள்காட்டியில் குறியுங்கள். அதன் தொடக்கத்திலிருந்து ஐந்து வாரம் பின்னால் போனால் விதைக்கும் நாள் கிடைக்கும். வெயில் குறைந்துகொண்டு போகும் பருவத்தில் இப்படிச் செய்வது இன்னும் நல்லது, ஏனென்றால் பகல் பொழுது சுருங்கச் சுருங்க இந்தப் பயிர் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு காய்ப்புக்குத் திரும்பும். பகல் நீளும் பருவத்தில் விதைத்தால் இலைதான் கூடும். உங்களுக்கு நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

உறைபனி விழும் இடமாக இருந்தால் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். லேசான உறைபனியே பக்வீட்டை வாட்டிக் கொன்றுவிடும். முதல் உறைபனிக்குப் பதினொரு பன்னிரண்டு வாரம் முன்பே விதை மண்ணில் விழுந்திருக்க வேண்டும். வருடம் முழுக்கத் தேடியும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் கிடைக்காத ஊர் என்றால், மணிக்காக இதைப் பயிரிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பசுந்தாள் உரமாகவோ தேனீக்களுக்குத் தீனியாகவோ போடலாம், அதற்கு இது அருமையான பயிர். தேதியில் தயக்கம் இருந்தால் வயலை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள். ஒரே பருவத்தில் எந்தத் தேதி உங்கள் நிலத்துக்கு ஒத்துவருகிறது என்பது தெரிந்துவிடும்.

குறை தேனீயிலா, செடியிலா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, கட்டாயம் செய்து பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன், வயலின் நடுப்பகுதியில் இருபது முப்பது பூங்கொத்துகளுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நீண்ட சூல்தண்டுப் பூவைப் பறித்துக் குட்டைச் சூல்தண்டுப் பூவின் மேல் மெதுவாகத் தேயுங்கள், அதேபோல் மாற்றியும் செய்யுங்கள். அதே கொத்தில் அன்றாடம் திறக்கும் புதுப் பூக்களுக்கும் நான்கைந்து நாள் இதைத் தொடருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பச்சையாக முக்கோணக் காய் தலை நீட்டும். நூல் கட்டிய கொத்தில் காய் அதிகமாகவும் பக்கத்துக் கொத்துகளில் குறைவாகவும் இருந்தால், தேனீ போதவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி சொற்பமாக இருந்தால் தேனீயைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயில், தண்ணீர், சத்து என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

தேனீ போதவில்லை என்று தெரிந்தால், பூக்கத் தொடங்கும்போது ஏக்கருக்கு ஒரு நல்ல பெட்டியாவது வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தேனீ வளர்ப்பவர்கள் பக்வீட் வயலை விரும்பித் தேடுவார்கள், கறுத்த நிறத்தில் தனி மணமுள்ள தேன் அதில் கிடைக்கும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிப்பது மட்டும் கூடவே கூடாது. பொதுவாக இந்தப் பயிருக்கு மருந்து தேவைப்படும் அளவுக்குப் பூச்சித் தொல்லை வருவதும் இல்லை. தேனீக்கு வழியே இல்லாத இடத்தில் டார்ட்டரி பக்வீட் என்ற இன்னொரு இனத்தைப் பார்க்கலாம். அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும், குளிரையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மணி கசக்கும், உறை நீக்குவதும் கடினம். வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகே அதில் இறங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பக்வீட் இரண்டு பக்கமும் தொட்டால்சுருங்கி. வேர் ஆழமாகப் போகாததால் வறட்சியைத் தாங்காது. தேங்கிய நீரையும் தாங்காது. குறிப்பாக முளைத்த புதிதில் இரண்டு மூன்று நாள் வயலில் தண்ணீர் நின்றால் பயிர் மஞ்சளடித்துப் போகும், பிறகு எழுந்திருப்பது சிரமம். பூ முதல் மணி நிரம்பும் வரைதான் ஈரம் அதிகம் தேவை. மதிய வெயிலில் இலை வாடித் தொங்குவதைப் பார்த்து ஓட வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் சரி. மறுநாள் காலையிலும் இலை தொங்கினால் உடனே தண்ணீர் விடுங்கள். தெளிப்பு நீர் முறை என்றால் சாயங்காலம் போடுங்கள். காலையில் தெளித்தால் தேனீ வரும் நேரம் வீணாகும்.

இனி உரம். இந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். கொழுத்த மண்ணில் நிறையத் தொழு உரம், அதற்கு மேல் யூரியா என்றால், நீங்கள் கீரைக்குச் செய்யும் உபசாரத்தைப் பக்வீட்டுக்குச் செய்திருக்கிறீர்கள். அதன் தண்டு உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய தண்டு. தழைச்சத்து கூடினால் அது உயரமாகவும் சதைப்பற்றாகவும் வளரும், வலு வராது. ஒரு காற்றுமழை போதும். நெல்லாவது சாய்ந்த பிறகு கணுவில் வளைந்து நிமிரப் பார்க்கும், பக்வீட் சாய்ந்தால் சாய்ந்ததுதான். சாய்ந்த பகுதியில் அடியில் போன பூவைத் தேனீ தொடாது, ஈரத்தில் மணி கெடும், அறுப்பதும் கடினம்.

முந்தைய பயிருக்கு நன்றாக உரமிட்ட நிலம் என்றால் பக்வீட்டுக்குத் தழைச்சத்து எதுவும் வேண்டாம். மெலிந்த மண்ணாக இருந்தால் ஏக்கருக்கு 12 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து, அதுவும் விதைக்கும் முன் இடும் அடியுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூரியாக் கணக்கில் 20 கிலோ தழைச்சத்து என்பது சுமார் 43 கிலோ, அதுவே உச்ச வரம்பு. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணிலிருந்து உறிஞ்சுவதில் பக்வீட் வேர் கெட்டிக்காரன், மற்றப் பயிர்கள் எடுக்க முடியாததைக்கூட எடுக்கும். எனவே மண் பரிசோதனையில் மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு என்று வந்தால் மட்டும் இடுங்கள். கார அமிலக் குறியீடு (pH) 5 வரை இறங்கிய புளிப்பு மண்ணிலும் இது வளரும். கொழுத்த நிலத்தை வேறு பயிருக்கு வைத்துக்கொண்டு, வடிகால் உள்ள லேசான, சுமாரான நிலத்தைப் பக்வீட்டுக்குக் கொடுங்கள். எனக்கு வரும் பக்வீட் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும்.

வளர்ச்சி ஊக்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வளர்ச்சி ஏற்கெனவே கூடிப்போனதுதான் உங்கள் பிரச்சினை.

விதைப்பில் சில சில்லறை விஷயங்கள். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 15 முதல் 20 சென்டிமீட்டர், ஆழம் 3 அல்லது 4 சென்டிமீட்டர். இடம் கிடைத்தால் பக்வீட் கிளை விட்டு நிரப்பிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் இடைவெளி விட்டு முளைத்தாலும் பயப்பட வேண்டாம். நெருக்கி விதைத்தால்தான் தண்டு மெலிந்து சாயும். மேல்மண் இறுகிப்போனால் அகலமான விதையிலையைத் தூக்கிக்கொண்டு முளை வெளியே வரத் திணறும். கனமழை வரப்போகிறது என்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். விதை ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து முளைப்பைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், முந்தைய பயிருக்கு நீண்ட நாள் மண்ணில் தங்கும் களைக்கொல்லி அடித்திருந்தால் அந்த நிலத்தில் பக்வீட் விதைக்காதீர்கள், அந்த மிச்சமே இதைக் கொன்றுவிடும். களை பெரிய பிரச்சினையாக வராது. களை இல்லாத மண்ணில் விதைத்தால் நாலைந்து நாளில் முளைத்து, மூன்று வாரத்தில் தரையை மூடி, மற்றதை எழவிடாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அறுவடையில் நீங்கள் செய்தது பலரும் செய்வதுதான். எல்லா மணியும் கறுக்கும் நாள் என்று ஒன்று பக்வீட்டில் வராது. கடைசி மணி கறுக்கும் முன் முதல் மணிகள் உதிர்ந்திருக்கும். அந்த முதல் மணிகள்தான் பருமனானவை, எடையும் அவற்றில்தான். விதைத்துப் பத்துப் பதினோரு வாரத்தில் வயலின் நான்கைந்து இடங்களில் செடியைப் பிடித்துப் பாருங்கள். நான்கில் மூன்று மணி பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆகியிருந்தால் அரிவாளை எடுக்க வேண்டியதுதான். நுனியில் இன்னும் பூ இருக்கிறதே, பச்சைக் காய் இருக்கிறதே என்று மனம் தடுமாறும். விட்டுவிடுங்கள். அந்தப் பச்சைக் காய்க்காகக் காத்திருந்தால் கையில் இருக்கும் கறுத்த மணி போகும்.

அறுப்பை விடியற்காலைப் பனி ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மணி உதிர்வது பெருமளவு குறையும். வெயில் ஏறி, செடி காய்ந்து சலசலக்கும் நேரத்தில் தொட்டாலே கொட்டும். அறுத்த செடியைச் சிறு கட்டுகளாகக் கட்டி நிமிர்த்தி வைத்து, ஒரு வாரம் பத்து நாள் காயவிட்டு மெதுவாக அடியுங்கள். முரட்டு அடியில் உறை விரிசல் விடும், மணி உடையும். சேமிக்கும்போது ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். களத்தில் மெல்லிய படுகையாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டால் போதும், குவித்து வைத்தால் சூடேறிக் கெடும்.

சாய்ந்த பயிரை மாட்டுக்குப் போடுவதில் எச்சரிக்கை தேவை. பக்வீட்டின் இலையிலும் பூவிலும் உள்ள ஒரு பொருள், அதைத் தின்ற கால்நடையின் தோலை வெயிலில் புண்ணாக்கும். வெள்ளை நிற மாடுகளும், உடலில் வெள்ளைத் திட்டு உள்ள ஆடு மாடுகளும்தான் அதிகம் பாதிக்கப்படும். பச்சையாக நிறையப் போடவே வேண்டாம். வயலில் அவிழ்த்து மேயவிடுவதும் ஆபத்து. மடக்கி உழுதுவிட்டால் சீக்கிரம் மக்கி மண்ணுக்கே உரமாகிவிடும்.

உழுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் வயலில் உதிர்ந்து கிடக்கும் மணி கொஞ்சநஞ்சம் இருக்காது, அப்படியே விட்டால் அடுத்த பயிருக்குள் களையாக முளைத்து நிற்கும். இப்போது மேலாகக் கிளறிவிட்டு, ஒரு ஈரம் கொடுத்து, எல்லாம் முளைக்கும் வரை காத்திருங்கள். முளைத்த கன்றுகள் பூக்கும் முன் மடக்கி உழுதுவிடுங்கள். அது முடிந்ததும் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் அதோடு, உங்கள் பகுதியின் வாரவாரி வெப்பநிலையையும் எழுதி அனுப்பினால், விதைக்கும் தேதியைச் சேர்ந்தே குறித்துவிடலாம்.